சும்மா நிற்க வேண்டிய மெஷின்

நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேள்வி கேட்டிருந்தார். "புல் வெட்டும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிறேன். கையில் ஒரு மெஷின் இருக்கிறது. ஸ்பேராக இன்னொன்று வாங்கி வைக்கலாமா, வேண்டாமா? மூத்தவர்கள் சொல்லவும்." பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஒருவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ போட்டிருந்தார். இன்னொருவர் தன்னிடம் பழைய மெஷின் விலைக்கு இருப்பதாகச் சொல்லியிருந்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

நான் தொழிலை விட்டு மூன்று வருஷமாகிறது. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. கைபேசியில் நீளமாகத் தட்டவும் எனக்கு வராது. அதனால் தாளில் எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் இடையில் எதையாவது திருத்தியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பதில் இதுதான்: வாங்கி வையுங்கள். அவசர வேலை இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம். உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்கிறேன். நானும் வாங்கி வைத்தேன். வைத்திருந்தும் என்னிடம் வேலை பார்த்த ஒருவருக்கு ஒரு கண் போனது. மெஷின் ஷெட்டில் இருக்க, கண் எப்படிப் போகும் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். அப்பா, அம்மா, இரண்டு அக்கா, அத்தை, அத்தை வீட்டு மாமா, எல்லாரும் வாத்தியார்கள். வீட்டில் யாராவது தும்மினால்கூட இன்னொருவர் இலக்கணம் பார்ப்பார். நான் தாவரவியல் படித்தேன். வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. தூத்துக்குடிக்கு வந்து ஒரு கம்பெனி குடியிருப்பில் புல்தரை பராமரிப்பு எடுத்தேன். மகன் என்ன செய்கிறான் என்று ஊரில் கேட்டால் அம்மா "லேண்ட்ஸ்கேப்" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது. என் சித்தப்பா மட்டும் சபையில் வைத்து, "முதுகலை படிச்சிட்டு புல்லு வெட்டுதான்" என்பார். தகவலில் பிழையில்லை.

இந்த ஊரில் தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு, இங்கே புல் வளராது என்று எல்லாரும் சொன்னார்கள். வளரும். அதிலும் ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் நாம் கெஞ்சினாலும் நிற்காது. வருஷத்தில் பத்து மாதம் நம்மை மறந்திருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அந்த ஒரே வாரத்தில் போன் செய்வார்கள். மெஷின் கெடுவதும் அந்த வாரத்தில்தான். இதில் விதி ஒன்றுமில்லை. ஈரப்புல்லில் காலை முதல் மாலை வரை போட்டு உயிரை வாங்கினால் எந்த மெஷினும் கெடும்.

பல வருஷம் ஒரே மெஷினை வைத்து ஓட்டினேன். "ஒழுங்கா வச்சிக்கிட்டா ஒண்ணு போதும்" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மழைக்காலத்தில் அது நான்கு நாள் படுத்துவிட்டது. மில்லர்புரத்தில் ஒரு பங்களாவில் நானும் ஆட்களும் உட்கார்ந்து வேலி வெட்டும் கத்தரியால் புல்லை வெட்டினோம். வீட்டுக்காரம்மா மாடியில் நின்று பார்த்துவிட்டு, "இது புது முறையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மறுவாரமே இரண்டாவது மெஷின் வாங்கினேன். அதே கம்பெனி, அதே மாடல், நிறம்கூட அதே சிவப்பு. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என்னிடம் அப்போது முதல் கையாக இருந்தவர் இசக்கிமுத்து. வல்லநாட்டுப் பக்கத்து ஆள், என்னைவிட எட்டு வயது இளையவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். அதிகம் பேச மாட்டார். மெஷின் ஓடும் சத்தத்தைத் தெருமுனையில் நின்று கேட்டுவிட்டு, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லக்கூடியவர். புது மெஷின் ஷெட்டுக்கு வந்ததும் தூசி படாமல் இருக்க என் மனைவியின் பழைய பட்டுச் சேலை ஒன்றை அதன்மேல் போர்த்தினேன். இசக்கி அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மாப்பிள்ள மாதிரி உக்கார வச்சிருக்கிய?"

அன்று முதல் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர். பட்டுப் போர்த்திக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருப்பதற்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

எங்கள் மெஷின்களைப் பழுது பார்த்தவர் புன்னைக்காயல்காரர். படகு இன்ஜின் மெக்கானிக். புல் மெஷினை அவர் ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் பார்ப்பார். அவர் ஒரு நாள் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க அண்ணாச்சி. இந்த வாரம் இது, அடுத்த வாரம் அது. நான் கடலுக்குப் போன காலத்துல ரெண்டு இன்ஜின் கொண்டு போனா அப்பிடித்தான் செய்வேன். சும்மா போட்டா உப்புக்காத்து தின்னுரும். நடுக்கடல்ல வச்சி ஸ்பேரு ஓடுமா ஓடாதான்னு கண்டுபிடிக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். செய்யவில்லை. புதுசு அழுக்காகிவிடும் என்று பயம். நடுக்கடல் எங்கே, மில்லர்புரம் எங்கே என்றும் ஒரு நினைப்பு.

முதலில் போனது ஸ்பார்க் பிளக். ஒரு வியாழக்கிழமை, பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது ஓடுகிற மெஷினின் பிளக் எரிந்துவிட்டது. கடை ஊரின் அந்தக் கோடியில், ஷெட்டோ பக்கத்தில். "மாப்பிள்ளையில இருந்து கழட்டிட்டு வாங்க இசக்கி, நாளைக்கு வாங்கிப் போட்டுக்கிடுவோம்" என்றேன். நாளையும் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மெஷினை வைத்துக்கொண்டு எவன் கடைக்குப் போய் பிளக் வாங்குவான்? பிறகு ஒரு சக்கரம் போனது. பிறகு ஆக்சிலேட்டர் கேபிள். ஆத்திர அவசரத்துக்குப் பாவமில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை இசக்கி கேட்டார்.

"எதை எதைக் கழட்டுனோம்னு எழுதி வச்சிருவோமா அண்ணாச்சி?"

நான் நெற்றிப் பொட்டைத் தட்டி, "எல்லாம் இங்கன இருக்கு" என்றேன். முதுகலை படித்த நெற்றி அது.

மெஷின் போகாத இடங்களுக்கு, ஓரம் சாரத்துக்கு, தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டர் ஒன்று வைத்திருந்தோம். சுற்றும் பிளேடுக்குப் பின்னால் ஒரு தடுப்பு இருக்கும். தெறிக்கிற கல்லும் குச்சியும் வெட்டுகிற ஆள் மேல் படாமல் அது காக்கும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் பக்கத்துத் தெரு மாதா கோவில்காரர்கள் வந்து, கல்லறைத் தோட்டம் காடாகக் கிடக்கிறது, கட்டரைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார்கள். செத்தவர்களுக்கான வேலை. இல்லை என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். திரும்பி வரும்போது கூடவே ஒரு பொட்டலம் மக்ரூன் வந்தது. தடுப்பு ஏதோ ஒரு கல்லறை விளிம்பில் இடித்து இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த தடுப்பைக் கழற்றி ஷெட்டில் ஆணியில் மாட்டினேன். மக்ரூனைச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்த நாள் வந்தது.

துறைமுகம் போகிற சாலையில் ஒரு கம்பெனியின் விருந்தினர் விடுதி எங்கள் கையில் இருந்தது. பள்ளமாகக் கிடந்த இடத்தில் கடல் மண்ணைக் கொட்டி நிரவி, அதன்மேல் புல் பதித்த இடம். மேலே பச்சைக் கம்பளம். விரலால் கீறினால் உள்ளே பூராவும் உடைந்த சிப்பி. எட்டு நாள் விடாத மழையில் புல் கெண்டைக்கால் உயரம் நின்றது. காலையில் விடுதி மேனேஜர் போன் செய்தார். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், நாலு மணிக்குப் புல்தரையில் நாற்பது நாற்காலி போட்டு டீ, அதற்குள் முடிய வேண்டும் என்றார்.

அந்த மேனேஜரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. வராந்தாவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அவரைப் பற்றி நான் வைத்திருந்த பயம் முழுவதும் என் சொந்தத் தயாரிப்பு.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். பத்தரைக்கு மெஷின் புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு இரும்புக் குழாய் முனையில் மோதியது. சத்தத்தைக் கேட்டதுமே இசக்கி கையை விரித்துவிட்டார். உள் தண்டு வளைந்துவிட்டது. அந்த மெஷின் அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதத்துக்கே இல்லை. எனக்குக் கொஞ்சமும் பதற்றமில்லை. இதற்காகத்தானே வாங்கி வைத்தோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சேலையை உருவினேன்.

பிளக் இல்லை. முன்சக்கரம் ஒன்று இல்லை. கேபிள் இல்லை. பெட்ரோல் தொட்டிக்குள் பழைய பெட்ரோல் பிசினாகி இருந்தது. மூடியைத் திறந்தால் துரு. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னது நான்தான். ஒவ்வொன்றும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பிரஷ் கட்டரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பினேன். இசக்கி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"தடுப்பு இல்லையே அண்ணாச்சி. இந்த மண்ணு பூரா சிப்பியால்லா இருக்கு."

வராந்தாவில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாத்து வெட்டுங்க" என்றேன்.

நம் தொழிலில் முதலாளிமார் கொடுக்கும் பாதுகாப்புச் சாதனங்களில் இதைவிட மலிவானது கிடையாது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இனிமேல் வாயில் வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று எங்களிடம் இருந்தது. வேர்வையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மங்கிவிடும். இசக்கி அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் வெட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் வேலை தாமதமாகும். அதனால் பார்க்காத மாதிரி இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், "கொஞ்சம் வெரசா" என்று வேறு சொன்னேன்.

ஒரு மணி இருக்கும். கண்ணாடி நொறுங்குகிற சத்தம். ஓரமாக நிறுத்தியிருந்த மேனேஜர் காரின் பக்கக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. டிரைவர் கத்திக்கொண்டு ஓடினார், வாட்ச்மேன் ஓடினார், நானும் ஓடினேன். மேனேஜர் இறங்கி வருவதற்குள் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். சார், கல்லு தெறிச்சிட்டு சார், நான் மாத்திக் குடுத்துருதேன் சார், சாயங்காலத்துக்குள்ள மாத்திருதேன் சார். எனக்குப் பின்னால் கட்டர் இன்னும் உறுமிக்கொண்டே இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினேன்.

"ஏலே மூதி, அதை ஆஃப் பண்ணுலே!"

அத்தனை வருஷத்தில் நான் அவரை ஏலே போட்டு அழைத்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டர் நிற்கவில்லை. திரும்பினேன். வெட்டாத புல்லுக்குள் இசக்கி முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை இடது கண்ணைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை கட்டரின் சுவிட்சைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைச் செய்யத்தான் தேடியிருக்கிறார்.

தெறித்தது ஒரே சிப்பி உடைந்த இரண்டு துண்டாக இருக்க வேண்டும். ஒன்று காருக்கு, ஒன்று கண்ணுக்கு. கார் சத்தம் போட்டது, அதனால் காரைப் பார்த்தோம். இசக்கி சத்தம் போடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சோறு இறங்காத வெட்கம்.

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார். கண்ணாடி இல்லாத அதே காரில், "ஏறுங்க, ஏறுங்க" என்று எங்களை ஏற்றி அனுப்பினார். கண் டாக்டர் விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்னத் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார்.

"சிப்பி மாதிரி இருக்கே. கடல்ல முங்கப் போனீங்களா?"

"இல்ல சார். புல்லு வெட்டுனேன்" என்றார் இசக்கி.

அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். சென்னை அதிகாரி வந்தாரா, புல்லைப் பார்த்தாரா, டீ குடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரி நடையில் இசக்கியின் மனைவி பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, மெஷினு ரெண்டு இருக்குன்னு இவுக சொல்லுவாகளே?"

"இருக்கும்மா."

"பொறவு ஏன் அந்த இன்னொண்ணை வச்சி வெட்டல?"

"டீ குடிக்கியாம்மா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

மூன்றாம் நாள் இசக்கியைப் பார்க்க விட்டார்கள். பாதி முகத்தில் கட்டு. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பேசினார்.

"வெசனப்படாதிய அண்ணாச்சி. சாமி ஒரு கண்ணு ஸ்பேரு குடுத்திருக்காருல்லா."

நான் சிரிக்கவா அழவா என்று நிற்க, அவர் மேலும் சொன்னார்.

"இதுல இருந்து மட்டும் எதையும் கழட்டிராதிய."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரே நாளில் எல்லாம் செய்தேன். பிளக், சக்கரம், கேபிள் மூன்றும் ஒரே கடையில் கிடைத்தன. ஷெட்டிலிருந்து போய் வர ஒரு மணி நேரம் ஆனது. கட்டருக்குப் புதுத் தடுப்பு. அந்த விடுதி மண்ணில் இனி கட்டரே போடுவதில்லை என்று முடிவு. மங்காத கண்ணாடி ஆறு வாங்கி வந்து வீட்டு மேஜையில் பரப்பினேன். அன்றைக்கு இசக்கி என்னைப் பார்க்க வந்திருந்தார். என் மனைவி காபியோடு வந்து, கண்ணாடிகளைப் பார்த்து, "கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரமாக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் யார் உட்கார்ந்திருப்பது என்று பார்த்தாள். முதலில் சிரித்தவர் இசக்கி. அவர் சிரித்ததால் காபி குடிக்க முடிந்தது.

அவர் இன்னும் இரண்டு வருஷம் என்னிடம் இருந்தார். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. தம்ளரில் ஊற்றுகிற தண்ணீர் தம்ளருக்குப் பக்கத்தில் விழும். நீர் பாய்ச்சுவதையும் களையெடுக்கும் பெண்களை மேய்ப்பதையும் பார்த்துக்கொண்டார். பிறகு அவரும் பேச்சியம்மாளுமாகச் சொந்தத்தில் தொழில் தொடங்கினார்கள். பேச்சியம்மாளின் தம்பிகள் இருவர் வெட்டினார்கள். பழைய மெஷின் ஒன்று, அதற்கு ஸ்பேராக இன்னொரு பழைய மெஷின். நான்தான் போய் ஜெபம் பண்ணித் தொடங்கி வைத்தேன். அவர்கள் சாமிக்குத் தேங்காயும் உடைத்தார்கள். இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றார் இசக்கி.

நான் திருந்திவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். புன்னைக்காயல்காரர் சொன்னபடி இரண்டு மெஷினையும் வாரம் மாற்றி வாரம் ஓட்டினேன். ஒரு திருகாணியைக்கூட இதிலிருந்து எடுத்து அதில் போடவில்லை. ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு புதிதாக ஒரு பெரிய பங்களாவில் வெட்டித் தரக் கேட்டார்கள். ஷெட்டில் நல்ல மெஷின் ஒன்று ஓடத் தயாராக நிற்கிறது. அது நிற்பதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆளைப் போட்டு அதை அங்கே அனுப்பினேன். இரண்டு மெஷினும் சம்பாதித்தன. யார் கேட்டாலும், "நம்மகிட்ட ஸ்பேர் உண்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாகம் பாகமாகக் கழற்றினால்தான் ஸ்பேர் போகும் என்றில்லை. முழுசாக ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விடும்.

தம்பி, நீங்கள் வாங்கப் போகிற மெஷினுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஓடுகிற நிலையில் ஒரு பொருளைச் சும்மா நிறுத்தி வைப்பதற்கு முதலாளிக்கு வேண்டிய மன உறுதி, அதை வாங்குவதற்கு வேண்டியதைவிட அதிகம்.

மறுபடி ஒரு மழைக்காலம். அதே விடுதி, அதே மேனேஜர், சாயங்காலம் யாரோ பெரியவர்கள் வருகிறார்கள். பதினோரு மணிக்கு மெஷின் நின்றது. மற்றது பங்களாவில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் அன்று விசேஷம், பாதியில் எடுக்க முடியாது. கொஞ்சமும் யோசிக்காமல் இசக்கிக்கு போன் போட்டேன்.

"இசக்கி, உங்க ஸ்பேரை ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு விடுதிக்கு அனுப்புங்க."

"தர முடியாது அண்ணாச்சி."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"நெசமாத்தான் சொல்லுதேன். என் மச்சினன் ரெண்டு பேரும் மில்லர்புரத்துல வெட்டிக்கிட்டு இருக்கானுவ. அந்த மெஷினு நின்னா இது போகணும். அதுக்குத்தான் இது நிக்கி."

"அது நிக்கவே இல்லையே இப்பம்!"

"நிக்கலதான்."

எனக்குக் கோபம் வந்தது. சும்மா வரவில்லை, தலைக்கு ஏறி வந்தது. தொழில் கற்றுக் கொடுத்தது யார், மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் அலைந்தது யார், ஜெபம் பண்ணித் தொடங்கி வைத்தது யார் என்று அடுக்கினேன். நன்றி கெட்டவன் என்ற வார்த்தையையும் சொன்னேன். ஆமாம், அவரிடம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொன்னது அம்புட்டும் சரிதான் அண்ணாச்சி. ஆனா தர மாட்டேன். மேனேஜர்ட்ட நாளைக்கு வெட்டுதேன்னு சொல்லுங்க."

"அப்பிடிச் சொல்ல முடியுமா இசக்கி? பெரிய ஆளுக வாராக."

"முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் நீங்க கேட்டுப் பாக்கல."

போனை வைத்துவிட்டார். கோபமாக வைத்த மாதிரியும் இல்லை.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே பிரஷ் கட்டர் கிடந்தது. புதுத் தடுப்பு இருந்தது, மங்காத கண்ணாடி இருந்தது. பாதிப் புல் நின்றது, வராந்தாவில் மேனேஜர் நின்றார். இந்த மண்ணில் கட்டர் போடுவதில்லை என்று முடிவெடுத்தவன் நான்தான். என் கை அதற்குள் கட்டரின் பிடியைத் தொட்டுவிட்டது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு விட்டேன்.

வராந்தா வரைக்கும் நாற்பது அடிதான் இருக்கும். அதற்குள் நான்கு காரணம் தயார் செய்தேன். மழையைச் சொல்லலாம், மெக்கானிக்கைச் சொல்லலாம், ஒப்பந்தம் போனாலும் போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டேன். கிட்டே போனதும் தயார் செய்த ஒன்றும் வரவில்லை.

"சார், மெஷின் நின்னுட்டு. இன்னைக்கு வெட்ட முடியாது."

மேனேஜர் கையில் இருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்படியா? சரி, நாளைக்கு வாங்க" என்றார்.